கோடாங்கியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

வாக்காளர் பட்டியல் எழுத வந்த குமாஸ்தா புருசன் பேரைக் கேட்டதும் செவ்வந்திக்கு வாய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பொதுத்தேர்தலுக்காக உப்பூரில் வீடு வீடாக ஏறி இறங்கிக் களைத்துப்போயிருந்தார் மனுசன். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

"சொல்லும்மா, இன்னும் ஒரு தெரு பாக்கியிருக்கு."

"அதான்யா, திருவிழாவுல விடிய விடிய ஆடுவாகள்ல, ராசா ராணி வேசமெல்லாம் கட்டிக்கிட்டு..."

"நாடகமா?"

"நாடகம் இல்லய்யா. நம்ம ஊருப் பேச்சுல ஒண்ணு சொல்லுவாகள்ல. அதைப் போட்டு, கடைசியில அய்யான்னு சேத்துக்கங்க."

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். பிறகு ஞானம் வந்தவராக 'ஆட்டையா' என்று எழுதப் போனார். செவ்வந்தி கையைப் பிசைந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கட்டின புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சோற்றோடு பிசைந்து ஊட்டியிருந்தாள். சுதந்திரம் வந்த வருசம் கல்யாணமாகி ஒன்பது வருசம் ஆகிறது. இத்தனை நாளில் கூத்து என்ற சொல்லைக்கூட அவள் உச்சரித்தது கிடையாது. கூத்துப் பார்க்கப் போனாலும் 'ஆட்டம் பாக்கப் போறேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வந்த முத்தழகு நின்று சிரித்தாள்.

"கூத்தையான்னு எழுதுங்க சார். கூத்தையா. அவுக அய்யா பேரு சோணைமுத்து."

வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற மாதிரி அத்தனை சுளுவாகச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். குமாஸ்தா எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். செவ்வந்திக்கு வயிறு எரிந்தது. தன் புருசன் பேர், தன்னுடைய வாசலில், அடுத்தவள் வாயில். இதைவிட ஒருத்திக்கு வேறென்ன வேண்டும் வயிறெரிய?

முத்தழகு அந்நியம் இல்லை. கூத்தையாவின் அத்தை மகள். முறைப்பெண்தான், ஆனால் அவனுக்கு ஒரு வயசு மூத்தவளாய்ப் பிறந்துவிட்டாள். அதனால் அவளை வேறிடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கட்டினவன் கொழும்புக்குக் கப்பலேறினான், அங்கேயே இன்னொரு குடும்பத்தை உண்டாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முத்தழகு அழுது தீர்த்துவிட்டு உப்பூருக்கே திரும்பி வந்து, உப்பளத்தில் கூலி வேலை பார்த்து, யார் கையையும் எதிர்பாராமல் இருந்தாள். நல்லவள்தான். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் செவ்வந்திக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கூத்தையா அந்த வட்டாரத்துக்கே கோடாங்கி. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், கடற்கரைக்குப் போகிற வழியில் உடைமரத்தடிக் கருப்புசாமி பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து உடுக்கை அடித்தான் என்றால் சாமி வந்துவிடும். குறி கேட்கக் கமுதிப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். காணாமல்போன மாடு, கூடி வராத கல்யாணம், தீராத வயிற்றுவலி, எல்லாம் அந்த மரத்தடிக்கு வந்தாக வேண்டும்.

ஆனால் சாமியை வரவழைப்பது பெரிய வித்தை இல்லை. உடுக்கும் சாம்பிராணியும் அதைப் பார்த்துக்கொள்ளும். சாமி மலையேறின பிறகு ஆளை இறக்கிக் கொண்டுவருவதுதான் வித்தை. கூத்தையாவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த கமுதி ஆசான் இதில்தான் குப்புற விழுந்தார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனான். ஆசான் அதற்குப் பிறகும் ஆளில்லாமலே உடுக்கை எடுத்தார். கடைசியில் தன் பேரே தெரியாமல், பெற்ற பிள்ளைகள் முகம் தெரியாமல், கமுதிச் சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே அலைந்து செத்தார். கூத்தையா அதைக் கண்ணால் பார்த்தவன். ஆகவே முறையில் இம்மி பிசகமாட்டான்.

முறை இதுதான். சாமி மலையேறியதும் ஒரு ஆள் எதிரில் நின்று அவனை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று தடவைக்குள் அவன் திரும்பிப் பார்ப்பான். உடனே "நான் யாரு?" என்று கேட்க வேண்டும். கூப்பிட்டவரை அவன் சரியாக அடையாளம் சொன்னால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். தப்பாகச் சொன்னால் இன்னும் பாதி வழியில் நிற்கிறான். வந்த ஆளுக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுக்க வேண்டும், உப்பு நாக்கில் பட்டால் உடம்பு தன் உடம்பென்று தெரியும். இதோடு முடியாது. 'நேத்துச் சாமியாடுனவன் இன்னைக்குச் சாணி அள்ளணும்' என்பது ஆசான் சொல். சனிக்கிழமை விடிந்ததும் கூத்தையா தொழுவில் நிற்பான். ஊரே காலில் விழுந்த மனுசன் மாட்டின் காலடியில் குனிந்து அள்ளிக்கொண்டிருப்பான்.

ஊரில் மற்றவர்கள் அவனைக் கோடாங்கி என்பார்கள், சாமி என்பார்கள். மொட்டையாகக் கூத்தையா என்று சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது, கருப்பு கண்ணைக் குத்திவிடும் என்று பயம். அவனுடைய அம்மா இருந்தவரை அவள் கூப்பிட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபின் அந்த வேலை முத்தழகிடம் வந்தது. ஒரு வயசு மூத்த முறைக்காரி அல்லவா, அவளுக்கு எந்தச் சாமியிடமும் பயமில்லை.

"ஏலே கூத்தையா! ஏலே, இங்கன பாரு! நான் யாருலே?"

"முத்தழகு."

ஏழு வருசமாக வெள்ளிக்கிழமைதோறும் செவ்வந்தி திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயோ போயிருந்த புருசன் திரும்பி வருகிறான், கண் தெளிகிறது, முதல் வார்த்தையாக இன்னொருத்தி பேரைச் சொல்கிறான், அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கிறான். செவ்வந்திக்கு வீட்டில் கிடைப்பதெல்லாம் 'ஏ புள்ள' மட்டும். செவ்வந்தி என்று ஒரு பேர் தனக்கு இருப்பது அவனுக்கு நினைவிருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம். ஒருமுறை வேண்டுமென்றே கஞ்சியில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். முத்தழகு கையில் வாங்கி அவன் முகம் சுளிக்க வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான் கஞ்சி கஞ்சியா இருக்கு" என்றான். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

குமாஸ்தா வந்துபோன மறுநாள் வியாழக்கிழமை. செவ்வந்தி முத்தழகு வீட்டுக்குப் போனாள். முத்தழகு வாசலில் குந்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நாளையிலருந்து மரத்தடிக்கு வரவேணாம்னு அவுக சொல்லச் சொன்னாக. ஊரு ஒரு மாதிரி பேசுதாம்."

அரிவாள்மணையில் மீன் அப்படியே நின்றது.

"அவனா சொன்னான்?"

"அவுகதான்."

"அதை என்கிட்ட நேருல சொல்றதுக்கென்னவாம்?"

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். முத்தழகு அதைப் பார்த்துவிட்டு மறுபடி மீனை அரியத் தொடங்கினாள்.

"சரித்தா. யாரு கூப்பிட்டாலும் பேரை மட்டும் கூப்பிடச் சொல்லு. சாமி கீமின்னு ஒரு சொல்லுகூடச் சேத்துறக் கூடாது. ரொம்ப முக்கியம்."

'ஒரு பேரைச் சொல்வதற்கு இவள்தான் பிறந்து வந்தாளாக்கும்' என்று முணுமுணுத்துக்கொண்டே செவ்வந்தி வீடு திரும்பினாள். புருசனிடம் வேறு கதை சொன்னாள். "முத்தழகு அக்காவுக்கு உப்பளத்துல வேலை கூடிப்போச்சாம், இனிமே வரமுடியாதாம். தங்கசாமி அண்ணனைச் சொல்லிவச்சிருக்கேன்."

தங்கசாமி கூத்தையாவுக்குச் சாம்பிராணி போடுகிறவன், கற்பூரம் ஏற்றுகிறவன். நல்ல மனுசன். பல்லி கத்தினாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

"தங்கசாமியா? பயந்தாங்கொள்ளியாச்சே புள்ள."

"பேரு சொல்றதுக்கு என்ன பயம்? நீங்க பேசாம இருங்க."

வெள்ளிக்கிழமை வந்தவர் நாகநாதன். கமுதிக்குப் பக்கத்தில் மிளகாய் போடுகிற சம்சாரி. போன ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு கடலாட வந்த இடத்தில் அவருடைய மூத்த மகன் தண்ணீரில் போய்விட்டான், உடம்பும் கிடைக்கவில்லை. பெற்றவள் அன்றையிலிருந்து தூங்கவில்லையாம். மகனிடம் ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அவர் கூத்தையாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

கூத்தையா காலை இழுத்துக்கொண்டான். "தண்ணியில போனவுகளைக் கூப்பிடுறது ஆகாதுய்யா. வந்தாகன்னா தண்ணிக்கே இழுப்பாக. பேரு சொல்லிக் கூப்பிடுற ஆளு சரியா இருந்தா மட்டும்தான் அந்த வேலையில எறங்கணும்பாரு எங்க ஆசான்."

நாகநாதன் மண்ணில் நெற்றியை வைத்து அழுதார். கூத்தையாவுக்குப் பொறுக்கவில்லை. வழக்கமாக முத்தழகு நிற்கிற இடத்தைப் பார்த்தான். அங்கே தங்கசாமி எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றான். கூத்தையா பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். 'வேண்டாம்' என்று அவள் கண்ணைக் காட்டியிருந்தால் போதும், உடுக்கைக் கீழே வைத்திருப்பான். ஆனால் வேண்டாம் என்றால் முத்தழகு இல்லாமல் முடியாது என்று ஆகிவிடுமே? செவ்வந்தி தைரியமாகத் தலையை ஆட்டினாள்.

உடுக்கு அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கூத்தையாவின் தோள் ஒடுங்கியது, பல் கிட்டியது. வாயிலிருந்து வந்தது இளவட்டப் பையன் ஒருவனின் குரல்.

"அய்யா... குளிருதுய்யா."

நாகநாதன் கதறினார். "என்னப் பெத்தவனே, எங்கடா இருக்க?"

"தண்ணிக்குள்ளதான்யா. செருப்பைக் கரையில விட்டுட்டு வந்துட்டேன். யாரு எடுத்தா?"

அந்தச் செருப்பை நாகநாதன் வீட்டில் துணி சுற்றி வைத்திருந்தார். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, கூடியிருந்த சனமும் அழுதது. மகன் அம்மாவை அழவேண்டாம் என்று சொன்னான், தங்கச்சி கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றான். வேளை வந்ததும் தங்கசாமி கற்பூரத்தை ஏற்றி மலையேறச் சொல்லி வேண்டினான். இனிமேல் பேர் சொல்ல வேண்டியதுதான். தங்கசாமி எதிரில் வந்து நின்றான். கூத்தையாவின் செருகின கண்ணைப் பார்த்ததும் அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"கோ... கோடாங்கி!"

"பேரைச் சொல்லுங்கண்ணே!" என்று செவ்வந்தி பல்லைக் கடித்தாள்.

"கோடாங்கிச் சாமி! சாமி, எறங்குங்க சாமி!"

கோடாங்கி என்பது உடுக்கை எடுக்கிறவன் பேர், இறங்கவேண்டிய ஆளின் பேர் இல்லையே. 'சாமி' என்றும் 'கோடாங்கி' என்றும் கூப்பிடக் கூப்பிட உள்ளே இருந்ததுதான் விழித்துக்கொண்டது. கூத்தையா எழுந்தான். "எஞ்செருப்பு எங்கய்யா? கரையில பாக்கணும்" என்று அதே பையன் குரலில் சொல்லிக்கொண்டு கிழக்கே நடந்தான். சனம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஒருவரும் கையை நீட்டவில்லை. இறங்காத ஆளைத் தொட்டால் ஆவி பிரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, உப்பளத்துக்கு ஓடுங்கண்ணே! முத்தழகு அக்காவைக் கூட்டிட்டு வாங்க!" என்று அலறினாள் செவ்வந்தி. தங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். உப்பளம் இரண்டு மைல். கடலோ கூப்பிடு தூரம்.

உப்பூர்க் கடலில் அலை கிடையாது. குளம் மாதிரி கிடக்கும், பர்லாங்குக் கணக்கில் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. அதற்கப்புறம் தொடை, இடுப்பு என்று ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பள்ளம் வரும். நாகநாதனின் மகன் போனது அந்தப் பள்ளத்தில்தான். கூத்தையா சேற்றிலும் பாசியிலும் கால் வழுக்காமல், ஏற்கெனவே போய்வந்த வழியைப் போல நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

செவ்வந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினாள். "ஏங்க! இந்தாங்க! உங்களைத்தானே! நில்லுங்க!" என்று கத்தினாள். பெண்டாட்டிமாருக்கு ஊர் கொடுத்திருக்கிற சொல்லெல்லாம் இவ்வளவுதான். எந்த ஆம்பளையைப் பார்த்தும் சொல்லலாம், அதனால் எந்த ஆம்பளையும் அதற்குத் திரும்பவேண்டியதில்லை. அவன் திரும்பவில்லை. முழங்கால் தண்ணீர் தொடைக்கு வந்தது. கரையில் நின்ற சனம் பொம்மை பொம்மையாகத் தெரிந்தது. முத்தழகு வந்து சேருவாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெறும் மணல்தான் தெரிந்தது. ஏழு வருசமாக எவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று நினைத்தாளோ அவளுக்காக இப்போது கருப்பை வேண்டிக்கொண்டாள்.

அவன் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டான். இன்னும் பத்து எட்டில் பள்ளம்.

பேரைச் சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் குறைவதற்கு ஆயுசு எங்கே மிச்சம் இருக்கும்?

"கூ..." நாக்கு மடங்கவில்லை. "கூத்..." அம்மாவின் முகம் வந்து நின்றது. செவ்வந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கூத்தையா!"

கண்ணைத் திறந்தாள். அவன் நின்றிருந்தான்.

"கூத்தையா!"

மெல்லத் திரும்பினான். செருகின கண் அவள் முகத்தில் எதையோ தேடியது. அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் யாரு?"

உதடு அசைந்தது. பையன் குரல் போய் அவனுடைய சொந்தக் குரல் வந்தது.

"முத்தழகு."

இடுப்பளவு கடலில் நின்றுகொண்டு, தாலி கட்டினவன் வாயால், உயிர் போய்த் திரும்புகிற நேரத்தில் அதைக் கேட்டாள். கரைக்கு அது கேட்டிருக்காது, அந்த மட்டும் புண்ணியம். 'ஆமா, முத்தழகுதான், வாங்க' என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் தப்பாகச் சொன்னவன் பாதி வழியில் நிற்பவன். பாதிப் புருசனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஏழு வருச எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் வீசினாள்.

"ஏலே கூத்தையா! நல்லாக் கண்ணைத் தொறந்து பாருலே! முத்தழகா நானு? நான் யாருடா?"

உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. அவன் இருமினான், துப்பினான். புருவம் சுருங்கியது.

"ஏ புள்ள, கூறு கீறு கெட்டுப்போச்சா? புருசனை ஏலேங்கிற! ஊரறிய எம்பேரைச் சொல்லி எம் ஆயுசைக் குறைக்கப் பாக்குறியா?" சுற்றும் முற்றும் பார்த்தான். "நான் எதுக்கு இங்கன வந்து நிக்கிறேன்?"

செவ்வந்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். இந்த ஒன்பது வருசத்தில் அவனிடம் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறாள். இப்படி இனித்த வசவு ஒன்றுகூட இல்லை.

கரையேறி மரத்தடிக்கு வந்தபோது முத்தழகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கணுக்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கூத்தையாவை ஏற இறங்கப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கஞ்சிக் கலயத்தை எடுத்துச் செவ்வந்தி கையில் கொடுத்தாள். அவன் குடிக்கும்போது நாகநாதன் அவன் காலடியில் உட்கார்ந்து, "எம்மவனால உங்களுக்கு ஆபத்து வரப் பாத்துச்சே" என்று புலம்பினார். அது அவர் மகனால் வந்த ஆபத்து இல்லை என்பது செவ்வந்திக்குத் தெரியும்.

சனம் கலைந்தபின் செவ்வந்தி உடைமரத்துக்குப் பின்னால் நின்று சேலையைப் பிழிந்தாள். முத்தழகு முந்தானையின் ஒரு முனையைப் பிடித்து முறுக்கிக் கொடுத்தாள்.

"அக்கா, அவுக ஒண்ணும் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன்."

"தெரியும். அவன்னா நேருல வந்து சொல்லியிருப்பான்."

"தெரிஞ்சுமா வராம இருந்துட்டீக?"

"நீ தரையைப் பாத்துக்கிட்டுச் சொன்னியே. அதுக்கு மேல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" முத்தழகு துணியை உதறினாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று இருப்பவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள். "நான் யாருன்னு கேட்டியாக்கும்? மொதல்ல என்ன சொன்னான்?"

என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்ட காது செவ்வந்தியின் காது மட்டும்தான். 'எம்பேரைத்தான் சொன்னாக' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு பொய்யால் இன்றைக்குப் புருசனைக் கடலில் கொடுக்கப் பார்த்தோமே என்று நினைத்தாள், விழுங்கிக்கொண்டாள்.

"உம்பேரைத்தான் சொன்னாக."

முத்தழகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்புவதற்குள் செவ்வந்தி பார்த்துவிட்டாள். தன் சந்தேகம் முழுக்க வீணில்லை, ஆனால் அது தேடவேண்டிய இடம் புருசன் மனசு இல்லை என்று அந்த முகம் சொல்லிவிட்டது.

"ஏழு வருசப் பழக்கம்டி. கிளிகூடச் சொல்லும்" என்றாள் முத்தழகு, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. "அப்பறம் எப்படி எறங்குனான்?"

"என்னய வஞ்சாக. பேரைச் சொல்லிட்டேன்னு."

முத்தழகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எறங்கிட்டான். வையிறதுக்கு உரிமைப்பட்டவளை அடையாளம் தெரிஞ்சிருக்கே."

"வார வெள்ளிக்கிழமை நீங்க வரணும்க்கா. எனக்குத் தனியா நிக்கப் பயமா இருக்கு."

"வாரேன். ஆனா நீதான் கூப்பிடணும். நான் கஞ்சியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள் முத்தழகு. "உப்பை மட்டும் அளவாப் போடு. அந்தத் தடவை போட்டது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் கூத்தையா வழக்கம்போலத் தொழுவுக்கு வந்தான். அவனுக்கு முன்னாலேயே செவ்வந்தி முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, குனிந்து சாணியை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நகரு புள்ள. அது என் வேலை. நேத்து ஆடுனது நானுல்ல?"

செவ்வந்தி நிமிரவில்லை.

"நீங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆடுவீக. நான் ஏழு வருசமா எறங்காம ஆடியிருக்கேன்" என்றாள். "இன்னொரு கூடையை எடுத்துட்டு வாங்க."